கரவொலியும் நீதியும்

"பொழுதுபோக்கை நாடி வந்தோம், இங்கும் அரசியல் எதற்கு?" என்னும் வினா, அமெரிக்கத் திரைப்படங்களை ஒட்டி இப்பத்தாண்டுகளில் ஓயாது கேட்கப்படுகிறது. சூப்பர் ஹீரோ என்று யாவரும் வழங்கும் அதிசய வீரர்களைப் பற்றிய படங்கள் வெளிவருந்தோறும், படத்தைக் காணுமுன்னரே அதனைப் பழிப்போரும், காணுமுன்னரே போற்றுவோரும் இரு அணிகளாக நின்று சொற்போர் புரிகின்றனர். வானில் பறப்பவனையும் சுவரில் ஊர்பவனையும் முன்னிட்டு வளர்ந்த மனிதர் இவ்வளவு சினங்கொள்வதா என்று நகைத்துவிட்டுப் போவது எளிது. ஆயினும் நகைத்துத் தள்ளத்தக்க செய்தி அன்று இது. நல்லவன் யார், தீயவன் யார், எவன் வீழ்ந்தால் மனம் நிறைகிறது என்பவற்றை ஒரு பெருங்கூட்டம் இருளில் அமர்ந்து தன் கைகளால் தீர்ப்புரைக்கும் இடம் திரையரங்கு. அத்தீர்ப்பு எத்தகையது, அதனால் யாருக்கு என்ன கடமை பிறக்கிறது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், அரசியல் இடையில் வந்து புகுந்தது என்னும் கூற்றை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலைத் திங்களில் சூப்பர்மேன் பற்றிய புதிய படம் வெளிவரவிருந்த வேளையில், அதன் இயக்குநர் ஜேம்ஸ் கன், இவ்வீரன் வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியவன், ஆதலின் இவன் கதை அமெரிக்காவின் கதையே என்னும் கருத்துப்பட ஒரு செய்தித்தாளிடம் கூறினார். குடியேறியோரைப் பிடித்து வெளியேற்றும் நடவடிக்கைகள் அந்நாட்டில் கடுமையாக நடந்த காலம் அது. தங்கள் இளமைக்கால வீரனையும் அரசியலுக்கு இழுத்துவிட்டனரே என்று பெருங்கூச்சல் எழுந்தது. அவ்வீரனின் பிறப்பை அறிந்தவர் அங்ஙனம் கூறார். 1938-இல் அவனைப் படைத்தளித்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் கிளீவ்லண்டு நகரத்து இளைஞர் இருவரும், ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் மக்கள். முதல் இதழில் சூப்பர்மேன் ஆற்றிய செயல்கள் யாவை? குற்றமற்ற ஒரு பெண்ணை மின்நாற்காலியினின்று மீட்டான். மனைவியை அடித்த ஒருவனைத் தண்டித்தான். நாட்டைப் போரில் சிக்கவைக்கும் சட்டத்துக்காக ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகனைப் பிடித்து உலுக்கினான். வேற்றுக்கோளத்து அரக்கர் எவரும் அக்கதையில் இல்லர்.

கேப்டன் அமெரிக்காவின் வரலாறும் இத்தகையதே. ஜோ சைமன், ஜாக் கிர்பி என்னும் யூத இளைஞர் இருவர் படைத்த அவ்வீரன், 1940 டிசம்பரில் கடைகளுக்கு வந்த தன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்டான். அமெரிக்கா போரில் இறங்கியதோ 1941 டிசம்பரில். ஓராண்டுக்கு முன்னரே விடப்பட்ட அக்குத்தைக் கண்டு குழந்தைகள் களித்தனர். அந்நாட்டு நாஜி ஆதரவாளர்களோ பதிப்பகத்துக்கு அச்சுறுத்தும் கடிதங்களை எழுதிக் குவித்தனர். காவலர்கள் பதிப்பக வாயிலில் நிற்க நேர்ந்தது. நியூயார்க் நகரத்தந்தை லா கார்டியா தாமே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்பு உறுதி கூறினார். 1946-இல் வானொலியில் ஒலிபரப்பான சூப்பர்மேன் தொடர் ஒன்று, சீன வழிக் குடும்பமொன்றைத் துன்புறுத்திய முகமூடிக் கூட்டத்தை அவன் முறியடிப்பதாக அமைந்தது. பெயரைச் சற்றே மாற்றியிருந்தாலும், அது கூ க்ளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டமே என்பதைக் கேட்டவர் யாவரும் உணர்ந்தனர்.

எனவே அரசியல் வந்து புகவில்லை. அது தொடக்கமுதல் உள்ளேயே இருந்தது. அங்ஙனமாயின், "அரசியல் வேண்டா" என்போர் எதனை வேண்டா என்கின்றனர்? இதற்கு விடையளிக்கும் நிகழ்ச்சி ஒன்று அந்நாட்டுப் படக்கதை வரலாற்றில் உண்டு. அதிசய வீரர் கதை அன்று அது; எனினும் அதைவிடத் தெளிவான சான்று எமக்குக் கிட்டவில்லை.

1953-இல் ஈ.சி. என்னும் பதிப்பகம் 'நியாயத் தீர்ப்பு நாள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு படக்கதையை வெளியிட்டது. ஆல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத, ஜோ ஒர்லாண்டோ வரைந்தார். பூவுலகிலிருந்து ஒரு விண்பயணி, இயந்திர மனிதர் வாழும் ஒரு கோளைப் பார்வையிடச் செல்கிறான். அக்கோள் விண்வெளிக் குடியரசில் சேரத் தகுதியுடையதா என்று ஆய்ந்து கூறுவது அவன் பணி. அங்கே செம்மஞ்சள் நிறத்தார், நீல நிறத்தார் என இருவகை இயந்திரர் உளர். உள்ளிருக்கும் கருவிகள் யாவும் ஒன்றே. மேலுறையின் வண்ணம் மட்டுமே வேறு. ஆயினும் நீலருக்குக் குடியிருப்பு வேறு, வேலை தாழ்ந்தது, பேருந்தில் இடம் பின்புறம். விண்பயணி யாவற்றையும் கண்டு, நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று உரைத்துத் திரும்புகிறான். கலத்தில் ஏறியபின் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். கதையின் கடைசிப் படத்தில் நாம் காண்பது கறுப்பின மனிதர் ஒருவரின் முகம்.

1954-இல் படக்கதைகளை ஒழுங்குபடுத்தவென்று பதிப்பாளர்கள் தாமே ஒரு தணிக்கைக் குழு ஏற்படுத்திக்கொண்டனர். அக்கதையை 1956-ஆம் ஆண்டு இதழொன்றில் மறுபடியும் வெளியிடப் பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் முயன்றபோது, தணிக்கை அலுவலர் தடை கூறினார். எதற்கு? நீலர் ஒடுக்கப்படுவதைக் காட்டியதற்கு அன்று. ஒடுக்குதல் தவறு என்று கதை கூறியதற்கும் அன்று. அவ்விண்பயணி கறுப்பினத்தவனாய் இருத்தல் கூடாது என்பதே தடை. அம்முகத்தை நீக்கின் கதைக்கு உயிரே இல்லை என்று கெயின்ஸ் வாதாடினார். செய்தியை ஊரறியச் செய்வேன் என்று எச்சரித்துக் கதையை அப்படியே அச்சேற்றினார். அதுவே அப்பதிப்பகத்தின் கடைசிப் படக்கதை இதழாயிற்று.

அன்பர்கள் இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். சமத்துவம் பற்றிய உபதேசம் அந்த அலுவலருக்கு அரசியலாகத் தோன்றவில்லை. நீலம், மஞ்சள் என்று பெயர் மாற்றிக் கூறும்வரை அவர் பொறுத்துக்கொண்டார். தீர்ப்புக் கூறும் இடத்தில் ஒரு கறுப்பு முகம் இருந்ததே அவருக்கு அரசியல் ஆயிற்று. ஒருவன் வாயைத் திறந்து உரிமை கேட்பது அரசியல் என்றால் அதிலாவது ஒரு வாதம் உண்டு. ஒருவன் ஓரிடத்தில் இருப்பதே அரசியல் என்றால், அவன் இல்லாதிருந்த பழைய நிலை மட்டும் இயற்கை என்று ஆகிவிடுகிறது. பந்தியில் ஒருவன் வந்து அமர்ந்ததும் 'அமைதி குலைந்தது' என்று கூறுவோரை நம் நாட்டிலும் கண்டிருக்கின்றோம். அதற்கு முன்னிருந்தது அமைதிதானா என்று அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை.

அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 2018-இல், 'பிளாக் பேந்தர்', அஃதாவது கருஞ்சிறுத்தை, என்னும் படம் வெளியாகுமுன்னரே ராட்டன் டொமேட்டோஸ் என்னும் மதிப்பீட்டுத் தளத்தில் அதன் மதிப்பெண்ணைக் குலைக்கவென்று முகநூலில் ஒரு குழு கிளம்பிற்று. நிறுவனம் அக்குழுவை நீக்கியது. மறு ஆண்டு, பெண்ணொருத்தியை வீரராகக் கொண்ட 'கேப்டன் மார்வெல்' படத்துக்கும் இதுவே நேர்ந்தது. படம் வெளிவராத நிலையில் வசைகள் குவியவே, முன்னதாகக் கருத்துரைக்கும் வசதியையே அத்தளம் எடுத்துவிட்டது. எதிர்ப்போர் அனைவரும் வெறியர் என்று கூறுதல் முறையன்று. கதையில் உயிரின்றி, பாத்திரங்கள் மேடைப் பேச்சாளர் போல் நின்று பேசுவதாகக் குறைகூறுவோரும் உளர். அது கலை பற்றிய நேரிய குறை. ஆனால் காணாத படத்தைப் பற்றி அக்குறையைக் கூறல் இயலாது.

பழிப்போரைப் பற்றி இவ்வளவு போதும். எமக்குப் பெரிதாகத் தோன்றுவது போற்றியோரின் நிலையே. ஏனெனில் அங்கேதான் நம்மனோர் அமர்ந்திருக்கின்றனர்.

ரையன் கூக்ளர் இயக்கிய 'பிளாக் பேந்தர்' படத்தைக் காண அமெரிக்கக் கறுப்பின மக்கள் திருவிழாவுக்குச் செல்வோர் போல் ஆப்பிரிக்க ஆடை அணிந்து சென்றனர். ஏழைக் குழந்தைகளை இலவசமாக அழைத்துச் செல்லப் பல நகரங்களில் நன்கொடை திரட்டப்பட்டது. எந்த வெள்ளையரும் வென்றடக்காத வகாண்டா என்னும் கற்பனை நாட்டையும், அதன் அரசன் டிசல்லாவையும், படைநடத்தும் பெண்டிரையும், அறிவியலில் சிறந்த இளவரசியையும் கண்டு பலர் கண்ணீர் உகுத்தனர். அப்படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பெற்ற முதல் அதிசய வீரர் படமும் அதுவே. சௌதி அரேபியாவில் முப்பத்தைந்தாண்டு காலத் தடைக்குப்பின் 2018 ஏப்ரலில் ரியாத் நகரில் திறந்த அரங்கில் முதன்முதல் காட்டப்பட்டதும் இப்படமே. வாழ்நாள் முழுதும் திரையில் வேலைக்காரனாகவும் திருடனாகவும் மட்டுமே தம் முகத்தைக் கண்டுவந்த மக்கள், அரசனாகக் கண்டபோது அழுததைக் குழந்தைத்தனம் என்று கூறுவோர் அந்த நிலையில் இருந்து பார்த்தவர் அல்லர்.

ஆயினும் அவ்வரங்குகளில் நிகழ்ந்த வியப்பான செய்தி பிறிதொன்று. பலருடைய உள்ளம் அரசனை விட்டு அவன் பகைவனிடம் சென்றது. எரிக் என்னும் கில்மாங்கர், வகாண்டா அரசனின் தம்பி மகன். 1992-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் வேவுப்பணியில் இருந்த அவன் தந்தை, அங்குள்ள கறுப்பின மக்களின் துயரைக் கண்டு பொறுக்காது, அவர்களுக்கு ஆயுதமளிக்க எண்ணித் தன் நாட்டின் உலோகத்தைக் களவாடத் துணைபோனான். அது வெளிப்பட்டபோது உடன்பிறந்த அரசனாலேயே கொல்லப்பட்டான். கீழே பந்தாடிக்கொண்டிருந்த சிறுவனை அங்கேயே விட்டுவிட்டு அரசன் நாடு திரும்பினான். வளர்ந்தபின் அச்சிறுவன் வகாண்டா சென்று கேட்பது ஒரே வினா: இத்தனை செல்வமும் ஆற்றலும் உடைய நீங்கள், உலகெங்கும் நம்மவர் அடிமைப்பட்டு மடிந்தபோது எங்கே இருந்தீர்கள்?

அவ்வினாவுக்கு விடை படத்தில் எவரிடமும் இல்லை. ஆகவே படம் வேறு வழியை நாடுகிறது. தன்னை நம்பி வந்த பெண்ணை அவன் சுட்டுக் கொல்லுகிறான். வயது முதிர்ந்த ஒருத்தியின் கழுத்தை நெரிக்கிறான். தான் கொன்றோரின் எண்ணிக்கையை உடம்பில் வடுக்களாகப் பொறித்திருக்கிறான். நீதி கேட்பவனின் கையில் குருதியைப் பூசிவிட்டால், அக்கையைத் தள்ளுவோர் அதிலிருக்கும் விண்ணப்பத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவர். இது கதை சொல்லுவோரின் பழைய வழி. தத்துவ அறிஞர் கிறிஸ்டோபர் லெப்ரான் அப்படம் வெளியான வாரத்திலேயே 'பாஸ்டன் ரிவ்யூ' இதழில் இதனைக் கண்டித்தார். உன்னதமான ஆப்பிரிக்கர் ஒருபுறமும், கெட்டழிந்த அமெரிக்கக் கறுப்பு இளைஞன் மறுபுறமும் நிறுத்தப்பட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் இம்முறை அவ்வழி முழுதும் பலிக்கவில்லை. 'கில்மாங்கர் சொன்னதே சரி' என்னும் தொடர் பலர் வாயில் வழங்கலாயிற்று. படம் சேர்த்து முடிந்த முடிச்சைப் பார்வையாளர் அவிழ்த்து, வினாவை ஒரு பக்கமும் வினவியவனை மறுபக்கமும் வைத்தனர். அரங்கில் ஒருவன் செய்யக்கூடிய அறச்செயல் உண்டெனில் இதுவே என்போம். யார் பக்கம் கைதட்ட வேண்டும் என்று இசையும் ஒளியும் தூண்டிக்கொண்டிருக்கும்போதே, கேட்டது நியாயம், செய்தது கொடுமை என்று இரண்டையும் ஒருங்கே மனத்தில் இருத்துதல் எளிதன்று. சிலர் அதிலும் தவறினர் என்பதையும் மறைத்தல் ஆகாது. வினாவில் மயங்கி, சுட்டு வீழ்த்தப்பட்ட அப்பெண்ணை அவர்கள் மறந்தே போயினர். கறுப்பின மக்களின் விடுதலைக்கென்று புறப்பட்டவன் கையில் முதலில் மடிந்தவர்களுள் கறுப்பினப் பெண்டிரும் இருந்தனர் என்பது சிறு செய்தி அன்று.

இனி, படத்தின் முடிவுக்கு வருவோம். கில்மாங்கர் மடிகிறான். மருத்துவம் செய்து பிழைக்க வைக்கிறேன் என்று அரசன் கூறியும், சிறைப்பட்டு வாழ்வதினும் இறத்தல் நன்று என்று மறுத்துவிடுகிறான். அதன்பின் அரசன் மனம் மாறி, ஓக்லண்டில் அவன் தந்தை கொலையுண்ட கட்டடத்தை விலைக்கு வாங்கி, அங்குள்ள ஏழைகளுக்கு உதவும் நிலையம் அமைக்கிறான்; ஐக்கிய நாடுகள் அவையில் எழுந்து, தன் நாட்டின் கதவைத் திறந்துவிட்டதாக அறிவிக்கிறான். கேட்டவன் பிணமானான், கேட்கப்பட்டவன் வள்ளலானான். நீதி அரியணையிலிருந்து இறங்கிவந்த கொடையாயிற்று. அரங்கு நிறையக் கரவொலி எழுந்தது.

ஓக்லண்டு நகரின் உண்மை வரலாறு வேறு. கருஞ்சிறுத்தை என்னும் வீரன் படக்கதையில் தோன்றிய அதே 1966-ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்களில், ஹியூ நியூட்டன், பாபி சீல் என்னும் இருவர் அந்நகரில் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தோற்றுவித்தனர். பெயரைப் படக்கதையிலிருந்து அவர்கள் எடுக்கவில்லை. அலபாமா மாநிலத்தில் வாக்குரிமைக்குப் போராடியோர் கொண்டிருந்த சின்னம் அது. 1969 ஜனவரியில், அந்நகரத்துப் புனித அகஸ்டின் தேவாலயத்தில் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி சமைத்துப் படைக்கத் தொடங்கினர். அவர்களிடம் அதிசய உலோகம் ஏதும் இருந்ததில்லை. பக்கத்துக் கடைக்காரர் தந்த பொருளும், அண்டை வீட்டார் உழைப்புமே இருந்தன. விரைவில் அப்பணி பல நகரங்களுக்குப் பரவியது. அதே ஆண்டில்தான் உளவுத்துறைத் தலைவர் எட்கர் ஹூவர், நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு அக்கட்சியே மிகப்பெரிய ஆபத்து என்று அறிவித்தார். அவர்களிடம் துப்பாக்கியும் இருந்தது, பூசலும் இருந்தது. அவர்கள் குற்றமற்றோர் என்று நாம் கூறவில்லை. ஆனால் பசித்த பிள்ளைக்கு அந்நகரில் உணவு வந்தது அரசன் ஒருவன் மனம் மாறியதால் அன்று.

பெயரைக் குறித்து இன்னும் ஒரு செய்தி. அக்கட்சியின் புகழ் பரவவே, படக்கதையை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்துக்கு அச்சம் பிறந்தது. 1972-இல் தன் வீரனின் பெயரைக் கருஞ்சிறுத்தை என்பதிலிருந்து சிறுத்தையின் வேறொரு ஆங்கிலப் பெயருக்குச் சிறிது காலம் மாற்றிவைத்தது. அதே 1972-இல், நம் நாட்டில், பம்பாய் நகரில், நாம்தேவ் டசால், ராஜா டாலே, ஜே. வி. பவார் முதலிய இளைஞர்கள் ஓக்லண்டாரின் பெயரை விரும்பி ஏற்றுத் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினர். விலைபோகும் சரக்காக மட்டும் அப்பெயரைக் கொண்டிருந்தவர்கள் அதனைக் கைவிட்ட ஆண்டிலே, கிராமங்களில் வெட்டுண்டவர்க்காகவும் தீயிடப்பட்டவர்க்காகவும் தெருவில் நிற்கத் துணிந்தவர்கள் அதனைச் சூடிக்கொண்டனர். தமிழகத்திலும் அச்சொல் பின்னர் வேரூன்றியது யாவரும் அறிந்ததே. 2018-இல் அப்பெயரால் பொருள் ஈட்டியது எவர் என்பதும் யாவரும் அறிந்ததே.

ஐக்கிய நாடுகள் அவையில் அரசன் பேசுங்கால் மன்றமே செவிசாய்க்கிறது. உண்மையில் நடந்தது யாதெனில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரை விளக்கும் மனுவொன்றை அறிஞர் டு பாய்ஸ் தொகுத்து, 1947 அக்டோபரில் அவ்வவையிடம் சேர்ப்பித்தார். அவர் நாட்டுப் பிரதிநிதிகளே அதற்கு ஆதரவளிக்க மறுத்தனர். மனுவின்மேல் விசாரணை ஏதும் நடைபெறவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1946-இல், டாக்டர் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியத் தீண்டப்படாதோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நிலையும் மிகவும் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பப்பட்ட கறுப்பின மக்களின் மனுவின் பிரதிகளைப் பெற வழி கேட்டிருந்தார். டு பாய்ஸும் பரிவுடன் மறுமொழி எழுதினார். கேட்போர் இல்லாத மன்றத்தை நோக்கிய இவ்விருவர்க்கும் எந்த அரங்கிலும் அன்று கரவொலி எழவில்லை.

திரையில் கண்ட அவ்வரசனுக்குக் கைதட்டியது பிழை என்று எவரும் இதனால் கொள்ளவேண்டா. சாட்விக் போஸ்மன் என்னும் அந்நடிகர் 2020 ஆகஸ்டில் நோயால் மறைந்தபோது, தம் பொம்மைகளை வட்டமாக நிறுத்திச் சிறுவர்கள் நடத்திய சிறு சிறு அஞ்சலிகளைக் கண்டோர் அவ்வாறு கூறத் துணியார். அக்குழந்தைகள் பெற்றது மெய்யான ஒன்று. கைதட்டியவன் கடனும் தீர்ந்தது என்று எழுந்து போவதைப் பற்றியே நமது ஐயம்.

படத்தின் இறுதிப் பகுதியில், வகாண்டாவின் பறக்கும் கலம் ஓக்லண்டுத் தெருவில் வந்து இறங்குகிறது. பந்தாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிச்சென்று அதனைச் சூழ்கின்றனர். அவர்களுள் ஒரு சிறுவன் மட்டும் விலகிவந்து, இந்தக் கலம் உம்முடையதா, நீர் யார் என்று அரசனை வினவுகிறான். அரசன் புன்னகை பூக்கிறான், காட்சி முடிகிறது. இருபத்தைந்தாண்டுகளுக்கு முன் இதே இடத்தில் பந்தாடிய இன்னொரு சிறுவனைப் பற்றி அவனுக்கு எவரும் கூறவில்லை.